எழுப்பினால் திட்டுவாங்களோ?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வயது 34. நான்கு மாதம் முன்பு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். நரம்பு கிடைக்காத கைக்கு ஊசி ஏற்ற எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் இந்தப் பொறுப்பும் வந்தது என்று நினைக்கிறேன். என்னைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் எனக்குக் கீழே இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி, மீன் கொட்டகையில் தரையில் படுத்திருந்த 19 வயதுப் பையன் வயிற்று வலி என்று வந்தான். டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, கேஸ் ட்ரபிள் என்று ஊசி எழுதினார். காலையில் டியூட்டி மாறும்போது நான் ஓவர் எடுக்கப் போனபோது பையனால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கட்டுவிரியன் கடி. டியூப் போட்டு, கையால் மூச்சு கொடுக்கிற அம்பு பேக்கை அழுத்திக்கொண்டே ராமநாதபுரத்துக்கு அனுப்பினோம். 9 நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்துவிட்டான். ராத்திரி டியூட்டியில் இருந்த புதுப் பெண்ணுக்கு 3 மணிக்கே அவன் இமை தொங்குவது தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. என் குவார்ட்டர்ஸ் நூறடி தள்ளித்தான் இருக்கிறது. போன் அடித்திருந்தால் ஓடியிருப்பேன். எல்லோர் முன்னாலும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அதிலிருந்து வார்டில் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வருகிறது. நான் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, அன்பாக இருக்க வேண்டுமா? இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையன் பிழைத்துவிட்டான். உங்கள் கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மூச்சு நின்றுகொண்டிருந்த ஒருவனை வழி முழுக்கக் கையாலேயே காற்று கொடுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது உங்கள் வார்டு. அதை அங்கே யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். திட்டுகிற அவசரத்தில் இதெல்லாம் விட்டுப்போகும். நானும் விட்டிருக்கிறேன்.

பாம்பைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. பல் சிறியது, கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, பல சமயம் தடமே தெரியாது. தரையில் படுத்தவர் தூக்கத்திலேயே கடி வாங்கிவிட்டு, வயிறு வலிக்கிறது என்று எழுந்து வருவார். நம் கடற்கரையில் வலைக் கொட்டகையிலும் வாடியிலும் எத்தனை பேர் வெறும் தரையில் படுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வயிற்று வலிக்குப் பிறகு இமை இறங்கும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு. மற்றப் பாம்புக் கடிக்குச் செய்கிற 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை இதில் ஒரு கோளாறும் காட்டாது. அதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. ஒரு தடவை நரம்பு நுனிகளில் விஷம் வேலை செய்துவிட்டால் விஷமுறிவு மருந்தால் அதை உடனே திருப்ப முடிவதில்லை. பையன் 9 நாள் இயந்திரத்தில் கிடந்தது அதனால்தான். ஆக டாக்டர் ஏமாந்தது பெரிய குற்றம் இல்லை. அந்த நோய் முதல் பார்வையில் ஏமாற்றும். இரண்டாவது பார்வைக்குத்தான் அகப்படும். அந்த இரண்டாவது பார்வையை 3 மணிக்குப் பார்த்தவர் உங்கள் புதுப் பெண்.

அதாவது, சரியான ஆள் சரியான நேரத்தில் சரியானதைப் பார்த்திருக்கிறார். பார்த்தது உங்களிடம் வந்து சேர 4 மணி நேரம் ஆகியிருக்கிறது. இந்த 4 மணி நேரம் உங்களுடையது. அந்தப் பெண்ணுடையது என்று நினைத்துத்தான் அன்று காலையில் கத்தினீர்கள்.

கண்டிப்பா அன்பா என்று கேட்டிருக்கிறீர்கள். 33 வருஷச் செவிலியர் வேலையில் இந்தக் கேள்வியை நானும் நிறைய சுமந்திருக்கிறேன். கண்டிப்பான இன்சார்ஜ் வார்டிலும் ஆள் செத்திருக்கிறார்கள், தங்கமான இன்சார்ஜ் வார்டிலும் செத்திருக்கிறார்கள். இப்போது ஒரு வார்டைப் பற்றி எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அங்கே ஒரு கெட்ட செய்தி, அதை முதலில் பார்த்தவரிடமிருந்து அதற்கு ஏதாவது செய்யக்கூடியவரிடம் போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆகிறது? இன்சார்ஜ் சிரித்த முகமா சிடுமூஞ்சியா என்பது அந்த நிமிஷக் கணக்கை மாற்றுகிற அளவுக்குத்தான் எனக்கு முக்கியம்.

எனக்கு இது புத்தகத்தில் வந்த பாடம் இல்லை. எங்கள் அப்பா பாம்பனில் வல்லம் என்கிற படகில் சுக்கான் பிடித்தவர். தென்கடல் பக்கம், குருசடைத் தீவு, மனோலித் தீவு என்று நீளுகிற அந்த வரிசையில், தண்ணீருக்கடியில் எங்கே பார், அதாவது பாறைத் திட்டு, கிடக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் போக வேண்டும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு சின்னப் பையனை உட்கார வைப்பார்கள். என் அண்ணன் 12 வயதில் அங்கே உட்கார்ந்தான். அம்மாவோடு பாசி எடுக்கத் தீவுக்குப் போகிற நாட்களில் நானும் அந்த வல்லத்தில் இருந்திருக்கிறேன். அண்ணன் "பார்! பார்!" என்று கத்தினால் அப்பா அந்த நொடியே சுக்கானைத் திருப்புவார். கேள்வி அப்புறம்தான். பாதி நாள் அது மேகத்தின் நிழலாக இருக்கும். ஒரு நாள் அப்படித்தான், வல்லம் சாய்ந்து எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்தால் ஒன்றுமில்லை. ஆட்கள் அண்ணனைக் கிண்டல் செய்து சிரித்தார்கள். அதற்கு அடுத்த நாள் நிஜமாகவே பார் வந்தது. அண்ணன் ஒரு கணம் தயங்கிவிட்டான். அடிப்பலகை உரசிக்கொண்டு போனது. அன்றைக்கு அப்பா திட்டினார் பாருங்கள், கரை வருகிற வரைக்கும் திட்டினார். அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தின நாள் சிரித்தவர்களைத் திட்டினார்.

இதைச் சின்ன வயதிலேயே பார்த்தவள்தான் நான். இருந்தும் வார்டுக்குள் போனதும் மறந்துவிட்டேன்.

1990களின் நடுவில் ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு என் பொறுப்பில் இருந்தது. எந்த டிராலியில் எந்த மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தலையணை உறைகள் ஒரே திசையில் மடிந்திருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் என் வார்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சு நிற்கும். அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் ஒரு தாய்க்கு இரண்டாவது குழந்தை, சுகப்பிரசவம். பேசிக்கொண்டிருந்தார், பீபி சரியாக இருந்தது. நான் பதிவேடுகளை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போனபோது உதடு வெளுத்திருந்தது. பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் ஓடி ஓடிச் செய்தோம். அவர் பிழைக்கவில்லை.

அன்று சாயந்திரம் துணி மாற்றுகிற அம்மா வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "மூணாவது துணி மாத்தும்போதே சொல்லணும்னு நெனச்சேன் சிஸ்டர். போன வாரம் ஒரு பெட்டைப் பத்திச் சொல்ல வந்தப்ப, உன் வேலையப் பாருன்னு சொன்னீங்களே" என்றார்.

அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில் இல்லை. அவருக்கு இருந்தது.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். நிறைமாதக் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேலே ரத்தம் போய் வருகிறது. பிரசவத்துக்குப் பிறகு அது சுருங்காவிட்டால் அவ்வளவும் வெளியே. ஆனால் சின்ன வயது உடம்பு கெட்டிக்கார உடம்பு. நாடியை வேகமாக்கிக்கொண்டு, மொத்த ரத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போகும் வரைக்கும் பீபியை விழாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக பீபி கருவி நமக்குச் சொல்வது கடைசியில். அதற்கு முன்னே தெரிவது துணி மாற்றுகிற கைக்கு. வார்டில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவருக்கு, ஆக முக்கியமான தகவல், எல்லோருக்கும் முந்தித் தெரிந்திருந்தது. வாயைத் திறக்க முடியாத இடத்தில் அவரை வைத்திருந்தது நான்.

நம் கடற்கரைக்கு இந்தப் பாடம் பெரிய அளவில் ஒரு முறை நடந்திருக்கிறது. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தபோது எனக்கு 4 வயது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் கடலோடு போனது. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததில், அந்தச் செய்தி வெளி உலகத்துக்கு வர 2 நாள் ஆயிற்று. அங்கே கம்பி அறுந்தது புயலால். நம் வார்டில் அதை நாமே அறுத்துவிடுகிறோம்.

மதுரையில் ஒரு பயிற்சி வகுப்பில் விமானக் கதைகள் இரண்டு சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்காரிக்கு விமானம் எதற்கு என்று முதலில் அலுப்பாகத்தான் இருந்தது. 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு. மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒன்றின் கேப்டன், அந்தக் கம்பெனியிலேயே பெரிய பயிற்சியாளர். மற்ற பைலட்டுகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர். அனுமதி வருவதற்கு முன்பே வேகமெடுத்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளர், அந்த இன்னொரு விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்கிறார். விலகிவிட்டது என்கிறார் கேப்டன், அழுத்தமாக. பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. சில நொடிகளில் மோதல். 583 பேர் போய்விட்டார்கள். இன்றுவரை விமான விபத்துகளில் அதுதான் மிகப் பெரியது. அந்தப் பொறியாளர் கேட்டது கேள்வியாக இருந்தது என்பதை அன்று நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டேன். 'நிறுத்துங்கள்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 'விலகவில்லையோ' என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு விமானக் கம்பெனிகள் கேப்டன்களுக்குக் கேட்கவும் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லவும் தனியாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தன. 1989 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு விமானத்துக்கு நடுவானில் வால்பக்க இன்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்ப உதவுகிற எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் செயலிழந்தன. கேப்டன் ஆல் ஹேன்ஸ். பயணிகளோடு உட்கார்ந்து வந்த இன்னொரு பைலட் உதவட்டுமா என்று கேட்க, அவரை உள்ளே விட்டு, மிச்சம் இருந்த இரண்டு இன்ஜின்களின் கைப்பிடிகளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். இப்படிப்பட்ட நிலைமைக்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது, அதனால் அங்கே இருந்த எல்லோருடைய அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டோம் என்ற அர்த்தத்தில் அவர் பிற்பாடு பல மேடைகளில் பேசினார். எனக்கு அந்த மனிதரை நினைத்தால் அப்பாவின் சுக்கான் ஞாபகம் வரும்.

சரி, உங்கள் வார்டுக்கு வருவோம். நாளைக்கே செய்யக்கூடியது ஓவர் எடுக்கிற நேரத்தில் இருக்கிறது. மேஜையில் உட்கார்ந்து கேஸ் ஷீட் பார்த்து ஓவர் வாங்காதீர்கள். ஒவ்வொரு பெட்டுக்கும் போய் நின்று வாங்குங்கள். கடைசியில், ராத்திரி டியூட்டி பார்த்தவரிடம், "உங்களுக்கு எந்த பெட் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் கிடையாது. "பீபி எவ்வளவு?" என்றால் பதில் தப்பாகப் போகலாம், திட்டு விழலாம். பயம் யாருக்கும் இருக்கலாம். இருக்கிறவர்களிலேயே சின்னவரை முதலில் கேளுங்கள், மூத்தவரைக் கடைசியில். மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் அதே பெட்தான் பயமாக இருக்கும்! துப்புரவு பார்க்கிற அம்மாவையும் கேளுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு. "ஏம்மா", "ஆயா" என்று கூப்பிடுகிறவரிடம் யாரும் வலிய வந்து எதையும் சொல்வதில்லை.

பெயர் என்று சொன்னதும் இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கு 19 விஷயங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்வது அதில் ஒன்று. டெல்லி உட்பட 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்தபோது, இறப்பு நூற்றுக்கு 1.5 ஆக இருந்தது 0.8 ஆனது. அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அதே பட்டியலைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஏன் என்று அறிஞர்கள் இன்னும் வாதம் செய்கிறார்கள். என் கணக்கு எளிமையானது: பேசினால் பலன் வரும், டிக் அடித்தால் வராது. நம் ஊரில் டிக் அடிப்பதில் நமக்கு இணை யாரும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

போனுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். யோசிக்காமல் இன்சார்ஜை எழுப்ப வேண்டிய நேரங்கள் அதில் இருக்கட்டும். இமை தொங்கினால். பேச்சு குழறினால். பெரியவர்களுக்கு நாடி 120ஐத் தாண்டி இறங்காமல் நின்றால். கடைசி வரியாக, காரணம் சொல்லத் தெரியாமல் மனசுக்குச் சரியில்லை என்று பட்டால். கடைசி வரியைப் பார்த்து மூத்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஆனால் அந்தப் பெண் முன்னால் சிரிக்க விடாதீர்கள்.

ஒட்டினால் மட்டும் போதாது. முதல் தடவை 3 மணிக்குப் போன் வரும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. அப்போது உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம்தான் அந்தத் தாளின் மதிப்பு. "கூப்பிட்டது நல்லதாப் போச்சு" என்று சொல்லிப் பழகுங்கள், கண்ணாடி முன்னால் நின்றாவது. தூக்கக் கலக்கத்தில் அது வராது. எனக்கு வர ஒரு வருஷம் ஆனது. அதுவரை பல ராத்திரிகளில் போனை என் வீட்டுக்காரர் எடுத்து, என்னைவிட நல்ல குரலில் பேசினார்.

டாக்டர் விஷயம் கொஞ்சம் கஷ்டமானது. அந்தப் பெண் 3 மணிக்கு வாயைத் திறந்திருந்தால், டாக்டர் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். 23 வயதில் யாரால் முடியும்? அதனால் சொல்ல வேண்டிய வார்த்தைகளை முன்கூட்டியே நீங்கள் கையில் கொடுக்க வேண்டும். கண்ணால் பார்த்தது, மனதில் பட்டது, அவர் செய்ய வேண்டியது, இந்த வரிசையில். "சார், 4ஆம் பெட் பையனுக்கு இமை தூக்க முடியல. எனக்குக் கவலையா இருக்கு. வந்து ஒரு தடவை பாருங்க." நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், அது அவர் வேலை. வரவில்லை என்றால் உங்களைக் கூப்பிட வேண்டும், நீங்கள் அவருக்கு மேலே கூப்பிட வேண்டும். அதற்கு யாராவது கோபப்பட்டால் அந்தக் கோபம் உங்கள்மேல் விழட்டும், அந்தப் பெண்மேல் விழக் கூடாது. ஒரு தடவை அப்படி விழுவதை வார்டு முழுக்கப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் எதையும் போதிக்கத் தேவையில்லை. டியூட்டி டாக்டரிடம் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். நல்ல டாக்டர்கள் இதற்குச் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கும் ராத்திரியில் தனியாக முடிவெடுக்கப் பயம்தான், வெளியே சொல்வதில்லை.

உங்கள் ஊசித் திறமையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கஷ்டமான செய்தி ஒன்று: இனி நெருக்கடி நேரத்தில் அதைத் தொடாதீர்கள். நரம்பு தேடிக் குனிந்தவருக்கு அந்த ஒரு கையைத் தவிர வேறெதுவும் தெரியாது. நீங்கள் கட்டிலின் கால்மாட்டில், கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க வேண்டும். அங்கிருந்துதான் மானிட்டர், முகம், நேரம், வாசலில் கத்துகிற சொந்தக்காரர்கள் எல்லாம் தெரியும். கை அரிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "யாராவது 108க்குப் போன் போடுங்க" என்று சொல்லாதீர்கள். அந்த யாராவது எந்த ஷிப்டிலும் டியூட்டியில் இருப்பதில்லை. பெயர் சொல்லி ஒருவரிடம் சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்லட்டும், முடித்ததும் முடிந்தது என்று உரக்கச் சொல்லட்டும். ஊசித் திறமையை அமைதியான மத்தியானங்களில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கண்டிப்பே வேண்டாமா என்றால், வேண்டும். எனக்கு மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு: பார்க்காமல் எழுதுவது. பெட் பக்கமே போகாமல் வரிசையாக 120/80, 120/80 என்று நிரப்பி வைப்பது. தெரியாமல் செய்த தப்பு, மறந்துபோன தப்பு, பயத்தில் வாய் மூடிய தப்பு, இவற்றையெல்லாம் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கலாம். பொய்க் கணக்கு எழுதினவருக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன். எனக்கு வேண்டியவர் என்றும் பார்த்ததில்லை. ஏனென்றால் அது கெட்ட செய்தியைத் தாமதப்படுத்துவதில்லை, நல்ல செய்தியாக மாற்றி அனுப்பிவிடுகிறது. ஆனால் கவனியுங்கள்: திட்டு அதிகமாக இருக்கிற வார்டில்தான் 120/80 அதிகமாக இருக்கும்.

மூத்தவர்கள் இரண்டு பேரைப் பற்றி அதிகம் எழுதவில்லை நீங்கள். எழுதாத இடத்தில் மனத்தாங்கல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அக்கா என்றே கூப்பிடுங்கள், அதில் உங்கள் பதவி குறையாது. பதவி தெரிய வேண்டிய இடம் டியூட்டி லிஸ்ட். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம் அலைமோதும்போதும், ஏர்வாடி சந்தனக்கூடு ராத்திரியிலும், தீபாவளி, கிறிஸ்துமஸ் ராத்திரியிலும் உங்கள் பெயர் முதலில் இருக்கட்டும். அவர்களுக்கு வேண்டிய மரியாதையை வேறு வழியில் கொடுக்கலாம்: நீங்கள் வருவதற்கு முன்னால் இந்த வார்டில் நடந்த மோசமான ராத்திரி எது என்று ஒரு நாள் கேளுங்கள். கேட்டுவிட்டு நடுவில் பேசாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த பாதி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இப்போது அந்தப் பெண். மன்னிப்புக் கேட்க வேண்டும், நீங்கள். தனி அறையில் கூப்பிட்டுக் கேட்டால் பயன் இல்லை. திட்டியது எல்லோர் முன்னாலும். கேட்பதும் அங்கேதான், அதே ஆட்கள் இருக்கும்போது. நீட்ட வேண்டாம். "அன்னைக்கு நான் கத்துனது தப்பு. நீங்க பார்த்தது சரியா இருந்தது. அதை என்கிட்ட சொல்ற மாதிரி நான் வச்சிருக்கல." இவ்வளவு போதும். 'ஆனால்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் முழுக்கக் கெட்டுப்போகும். உங்களுக்கு மரியாதை குறையுமோ என்று தோன்றும். இரண்டு நாள் குறையும், உண்மைதான். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் நீங்கள் கேட்காமலே வந்து ஒன்றைச் சொல்வார், அநேகமாக நீங்கள் எதிர்பார்க்காத ஆளாக இருப்பார். துணி மாற்றிய அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு மாதமும் அவர் என் கண்ணைப் பார்க்காமல்தான் தரை துடைத்தார்.

பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதைப் பற்றி: 6 மாதம் பொறுங்கள். அதற்குப் பிறகும் ராத்திரி போன் அடித்தால் எரிச்சல் மட்டும்தான் வருகிறது என்றால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நல்ல செவிலியராகவே இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர் உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை. இப்போது எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வார். அதை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

அவர் மறுபடி நைட் டியூட்டிக்கு வருகிற முதல் நாள், 9 மணி போல ஒரு பிளாஸ்க் டீயோடு வார்டுக்குப் போய் வாருங்கள். பையன் ஊர் திரும்பிவிட்டானா, மறுபடி கடலுக்குப் போகிறானா என்று பேசிக்கொண்டிருங்கள். கிளம்பும்போது, நம்பர் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று சொல்லி, உங்களுக்கு ஒரு தடவை போன் அடிக்கச் சொல்லுங்கள். வாசல் தாண்டி நின்று எடுங்கள்.